செதுக்குவேலை செய்த பழைய ரிவால்வர்கள்: பார்க்கப் பழகுவது முதல் பெட்டியில் வைப்பது வரை

பழைய ரிவால்வர் சேகரிப்பில் பெரிய தொகைக்கு ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி தெரியாதவர்கள் இல்லை. துப்பாக்கியை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதன்மேல் ஓடும் பூவேலையைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான். மாடல், வருடம், கேலிபர் (குழலின் உள்விட்டம்), எல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கொடிச் சுருளை 1870இல் ஒருவர் வெட்டினாரா, 1970இல் ஒருவர் வெட்டினாரா என்று கேட்டால் தடுமாறுவார்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. அதனால் இந்த வழிகாட்டி வாங்குவதில் தொடங்காது. சட்டத்தை முடித்துக்கொண்டு, கண்ணைப் பழக்குவதில்தான் தொடங்கும், வாங்குவது பாதிக்கு மேல்தான் வரும்.

இந்தப் பொழுதுபோக்கின் மையம் அமெரிக்கா. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டும் கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் வளர்ந்த கம்பெனிகள். அவற்றுக்குப் பூவேலை செய்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். ஆகவே உதாரணங்களும் அங்கிருந்துதான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதைத் தாண்டிப் போனால் மீதி எல்லாம் வீண். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 முடிவுக்குள் தயாரான துப்பாக்கி 'ஆன்டிக்'. அதற்குச் சாதாரணத் துப்பாக்கிக்கு உரிய மத்தியக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இல்லை. 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் இந்தக் கோடு சுமார் 1,82,000 என்ற வரிசை எண்ணில் விழுகிறது, அதனால்தான் அந்த எண்ணுக்குச் சற்று முன்பின் உள்ளவற்றை வியாபாரிகள் அவ்வளவு கவனமாகக் குறிப்பிடுகிறார்கள். அதற்குப் பிந்தியது, 50 வருடத்துக்கு மேல் பழையது என்றால் 'கியூரியோ அண்ட் ரெலிக்' வகை. அதற்கென்று சேகரிப்பாளர் உரிமம் உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டாலர். மாநிலச் சட்டங்கள் தனி. நியூயார்க்கில் செல்லாதது டெக்சாஸில் செல்லும்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து படிக்கிறவர்களுக்கு: பிரிட்டனில் 2021இல் பழைய துப்பாக்கி விதிகள் மாறின. அதுவரை 'வழக்கொழிந்த கேலிபர்' பட்டியலில் இருந்த ஏழு தோட்டா வகைகளை எடுத்துவிட்டார்கள், அதில் .44 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரஷ்யனும் .41 கோல்ட்டும் அடக்கம். அதாவது நேற்றுவரை அலமாரியில் சும்மா வைத்திருந்த பொருளுக்கு இன்று சான்றிதழ் வேண்டும். கனடாவில் கோடு 1898க்கு முன். அங்கேயும் .45 கோல்ட், .44-40 மாதிரி சில கேலிபர்கள் அந்தச் சலுகைக்குள் வராது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் 'சுட முடியாது' என்பதுதான் அங்கே முக்கியம், 'பழையது' என்பது இல்லை. சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே தாத்தா காலத்து ரிவால்வர் பரணில் கிடைத்தால் அதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு வக்கீலையும், மாவட்ட அலுவலகத்தையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கலையை ரசிக்கிறவருக்குப் படங்களும் அருங்காட்சியகங்களும்தான் உண்மையான வழி. அது குறைந்த வழி என்று நான் நினைக்கவில்லை, அடுத்த பகுதியில் ஏன் என்று தெரியும்.

கண்ணைப் பழக்குவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கோல்ட் 1851 நேவி ரிவால்வரின் சிலிண்டரை (குண்டு அறைகள் உள்ள சுழலும் உருளையை) சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி இருக்கும், 1843 மே 16 என்ற தேதியோடு. டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி. அழகாக இருக்கும். ஆனால் அது கையால் செதுக்கியது இல்லை. நியூயார்க்கில் வங்கி நோட்டுகளுக்குத் தட்டு செதுக்கிய வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி உருவாக்கிய காட்சியை, கடினப்படுத்திய எஃகு அச்சில் வைத்து, சிலிண்டர்மேல் அழுத்தி உருட்டிப் பதித்தார்கள். அந்த மாடலின் ஒவ்வொரு சாதாரணத் துப்பாக்கியிலும் அது உண்டு. 1849 பாக்கெட் மாடலில் கோச் வண்டிக் கொள்ளைக் காட்சி, வாக்கர், டிராகூன் மாடல்களில் குதிரைவீரர்களும் செவ்விந்தியர்களும் மோதும் காட்சி. விற்கிறவர் இதைக் காட்டி 'என்கிரேவ்டு' என்று சொன்னால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

உண்மையான கைவேலை ஃபிரேமிலும் (நடு உடல்) பேரலிலும் (குழல்) பிடியின் பின்பட்டையிலும் இருக்கும். அதில் மூன்று கைகளை அடையாளம் காணப் பழகினாலே போதும், மற்றதெல்லாம் அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.

குஸ்தாவ் யங், பிரஷ்யாவில் பிறந்தவர், 1850களின் தொடக்கத்திலிருந்து கோல்ட்டுக்கு வேலை செய்து 1869இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோடு சேர்ந்தவர். அவருடைய சுருள்கள் நெருக்கமானவை, மெல்லியவை, இடைவெளியில் நுண்ணிய புள்ளிக்குத்து. உற்றுப் பார்த்தால் இலைகளுக்குள் ஒரு விலங்குத் தலை ஒளிந்திருக்கும். மகன்கள் ஆஸ்கரும் யூஜீனும் அதே தொழிலில் வந்தார்கள், அதனால் 'யங்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த யங் என்று கேளுங்கள்.

லூயி டேனியல் நிம்ஷ்கி, 1832 முதல் 1904 வரை வாழ்ந்தவர், நியூயார்க்கில் இருந்துகொண்டு பல கடைகளுக்காக வேலை செய்தவர். இவர் கை வேறு. பெரிய, திறந்த, துணிச்சலான சுருள், தூரத்திலிருந்தே தெரியும். 'நியூயார்க் பாணி' என்று ஏலக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இவரையும் இவரைப் பின்பற்றியவர்களையும்தான். இவர் செய்த இன்னொரு நல்ல காரியம், தான் செதுக்கியவற்றை மையிட்டுத் தாளில் ஒற்றி எடுத்துச் சேர்த்து வைத்தது. அந்த ஒற்றுப்படிகள் இன்றும் இருக்கின்றன, ஒரு துப்பாக்கி இவர் வேலையா என்று ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மூன்றாமவர் கூனோ ஹெல்ஃப்ரிக்ட். 1871இலிருந்து 1921 வரை, அரை நூற்றாண்டு, கோல்ட்டின் செதுக்குவேலையைக் கவனித்துக்கொண்டவர். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஃபாக்டரிச் செதுக்கல் என்றாலே அநேகமாக இவர் அல்லது இவர் பட்டறை. அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் 1916இல் வாங்கி வாழ்நாள் முழுதும் இடுப்பில் வைத்திருந்த கோல்ட்டும் இந்த வரிசைதான். (அதன் பிடியை முத்துச்சிப்பி என்று இன்னமும் எழுதுகிறார்கள். அது தந்தம்.)

கையை எப்படி அடையாளம் காண்பது? கோலம் போடுகிறவர்கள் ஒரே புள்ளியை வைத்துப் போட்டாலும், கோடு வளைந்து திரும்பும் இடத்தில் யார் போட்டது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். சுருள் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பாருங்கள். முடிவில் இலை விரிகிறதா, புள்ளியாகக் குவிகிறதா? அடுத்த சுருள் எங்கிருந்து கிளைக்கிறது? பின்னணியைக் குத்தி நிரப்பியிருக்கிறாரா, கோடு கோடாக இழைத்திருக்கிறாரா, சும்மா விட்டிருக்கிறாரா? ஓரப் பட்டை எப்படி மூலை திரும்புகிறது? மூலையை எல்லாரும் சமாளிப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் வேறு மாதிரி சமாளிப்பார்கள்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் பலவற்றின் பெரிய அளவுப் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. அங்கே தங்கம் பதித்த ஒரு கோல்ட் டிராகூன் இருக்கிறது, சாமுவேல் கோல்ட் 1850களில் உதுமானியச் சுல்தான் அப்துல்மெஜிதுக்குக் கொடுத்தது. அதன் ஜோடி ரஷ்யச் சார் மன்னருக்குப் போய் இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிஃபானி நகைக் கம்பெனி வெள்ளிப் பிடி போட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களும் அதே அருங்காட்சியகத்தில் உண்டு. படத்தை இறக்கி, பெரிதாக்கி, ஒரு தாளில் அந்தச் சுருளைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். வரைய ஆரம்பித்தால்தான் கண் உண்மையில் பார்க்க ஆரம்பிக்கும். நேரில் போக முடிந்தவர்களுக்கு ஹார்ட்ஃபோர்டில் வாட்ஸ்வர்த் அதீனியம், வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்ரி அருங்காட்சியகம். ஆட்ரியில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் கோல்ட் இருக்கிறது, நிம்ஷ்கி செதுக்கியது, தந்தப் பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு. நிம்ஷ்கி பாணி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

எதைச் சேர்ப்பது என்று குறுக்கிக்கொள்வது

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று தொடங்கினால் நடுத்தரமான பத்துப் பொருள் சேரும், நல்லது ஒன்றுகூடச் சேராது. ஒரு கை, ஒரு நகரம், ஒரு கம்பெனி, ஒரு காலம், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோல்ட் பெயருக்கே விலை என்பதால் புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சின்ன ரிவால்வர்கள், 1857இல் வந்த மாடல் 1, அப்புறம் மாடல் 1½, இவற்றை நியூயார்க் கடைகள் நிறையச் செதுக்கி வெள்ளியும் நிக்கலும் பூசி விற்றன. கைக்கடக்கமானவை, காட்சிக்கு வைக்க இடமும் குறைவு. மெர்வின் ஹல்பர்ட் ரிவால்வர்களும் நல்ல தொடக்கம்: ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன் ஃபாக்டரியில் தயாரானவை, செதுக்கல் முரட்டுத்தனமான புள்ளிக்குத்து வேலை, நடுவில் கட்டம் கட்டி ஒரு மிருகமோ வீடோ இருக்கும். நேர்த்தி குறைவு, ஆனால் ஒரு குணம் இருக்கிறது. இன்னும் குறைந்த செலவுக்கு பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பின்ஃபயர் ரிவால்வர்கள், அதாவது தோட்டாவின் பக்கத்தில் நீட்டியிருக்கும் ஊசியைத் தட்டிச் சுடுபவை. லஃபோஷோ என்ற பிரெஞ்சுக்காரரின் முறையில் ஏராளமாகத் தயாரானவை. அவற்றில் பூவேலை சாதாரணமாகவே இருக்கும், மிகச் சிறந்தது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

நவீன இத்தாலிய நகல்களை வாங்கலாமா என்று கேட்பார்கள். நகல் என்று தெரிந்து, நகல் விலைக்கு வாங்கினால் தப்பில்லை. ஆனால் அவற்றைப் பழசாக்கி அசல் என்று விற்கும் வேலையும் நடக்கிறது. இத்தாலிய நகலில் சோதனை முத்திரை இருக்கும், நட்சத்திரத்தின் கீழ் 'பிஎன்' என்ற எழுத்துகள், கூடவே வருடத்தைக் குறிக்கும் குறியீடு ஒரு சின்னக் கட்டத்துக்குள். அதை அரைத்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் லேசான பள்ளம் தெரியும். பேரலின் பக்கவாட்டில் ஒரு நேர்ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும்.

வாங்கும் முன் சோதனை

முதல் வேலை, அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டா வகைகளில் இது எளிது. ஆனால் கேப் போட்டுச் சுடும் பழைய வகைகளில் 150 வருடத்துக்கு முன் யாரோ அடைத்த கரிமருந்தும் ஈயக்குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம், கரிமருந்து காலத்தால் செத்துப்போவதில்லை. சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அடைபட்டது போலத் தெரிந்தால் தொழில் தெரிந்த துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களாகக் குடைய வேண்டாம். அப்புறம் இன்னொன்று: காலித் துப்பாக்கியின் சுத்தியை (ஹேமர்) இழுத்து விட்டுத் தட்டித் தட்டிப் பார்க்காதீர்கள். பழைய ஸ்பிரிங் உடையும், விற்கிறவரின் முகமும் மாறும்.

சரி, இப்போது லூப்பை (கண்ணருகே வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியை) எடுங்கள். பத்து மடங்கு போதும்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம் செதுக்கலுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு. கம்பெனி விலாசம், காப்புரிமைத் தேதி, வரிசை எண், இவையெல்லாம் துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்தவை அல்லது திட்டமிட்டு வரப்போகிறவை. ஃபாக்டரியில் செதுக்கியவர் அதற்கு இடம் விட்டுச் சுருளை வளைத்திருப்பார். பின்னாளில் செதுக்கியவருக்கு இடம் போதாமல் சுருள் எழுத்தின் மேலேயே ஏறிப்போகும், அல்லது எழுத்தைச் சுற்றி அசிங்கமான வெற்றிடம் நிற்கும்.

அடுத்தது வெட்டின் உள்பக்கம். பழைய வெட்டில் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும், ஆனால் தேய்மானம் கை படும் இடத்தில் அதிகமாகவும் மூலை முடுக்குகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் அது கையால் தேய்ந்தது இல்லை, மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் தேய்ந்தது. மேற்பரப்பில் துருக்குழி இருந்து, செதுக்கல் அந்தக் குழியை வெட்டிக்கொண்டு போனால் கதை முடிந்தது: துரு முதலில் வந்தது, செதுக்கல் பிறகு. எதிர்மாறாகத் துரு வெட்டுக்குள்ளேயும் பரவியிருந்தால் நல்ல அறிகுறி. பூச்சும் இதையே சொல்லும். ஃபாக்டரியில் முதலில் செதுக்கி, பிறகு கடினப்படுத்தி, பிறகு நீலப்பூச்சோ முலாமோ போட்டார்கள். ஆகவே பூச்சு வெட்டின் அடிவரை இருக்க வேண்டும். வெட்டுக்குள் மட்டும் வெள்ளை உலோகம் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள்.

முலாம் மறுபடி போட்டதா என்பதற்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஒரு எளிய வழி: அந்தக் காலத்து நிக்கல் ரிவால்வர்களில் சுத்தியும் விசையும் (டிரிகர்) நிக்கல் இல்லாமல், கடினப்படுத்தியதில் வரும் கலங்கலான நிறத்தோடு இருக்கும். அவையும் நிக்கலில் மின்னினால் யாரோ மொத்தமாக முக்கியெடுத்திருக்கிறார். பிடியின் அடியில் சின்ன நட்சத்திரம் குத்தியிருந்தால் அது ஃபாக்டரிக்கே திரும்பிப் போய் வேலை செய்து வந்தது என்று அர்த்தம். அதில் குற்றம் இல்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும்.

எண்கள். கோல்ட் கேப் வகைகளில் பேரல், ஃபிரேம், விசைக்காப்பு, பின்பட்டை, சிலிண்டர் என்று பல இடங்களில் வரிசை எண் இருக்கும், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணிய புள்ளி, சிறப்பு வேலைக்காகத் தனியே எடுத்து வைத்தது என்பதற்கான ஃபாக்டரி அடையாளமாகச் சொல்லப்படுகிறது. இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் ஒரு ஆணியும் சுத்தியும் இருந்தால் யாரும் ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வலப்பக்கப் பிடியின் உள்பக்கத்திலும் எண் இருக்கும். பிடி மாற்றப்பட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலான பழைய செதுக்கல்களில் கையெழுத்து கிடையாது. அதனால் பெரிய பெயர் ஒன்று தெளிவாக வெட்டப்பட்டிருந்தால் என் முதல் உணர்வு சந்தோஷம் இல்லை, எச்சரிக்கை.

காகிதம்

கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவிலும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிலும் வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் 'ஃபாக்டரி லெட்டர்' தருவார்கள். எந்தத் தேதியில், யாருக்கு, என்ன பூச்சோடு, என்ன பிடியோடு, எத்தனை அங்குலப் பேரலோடு அனுப்பப்பட்டது, செதுக்கப்பட்டதா இல்லையா என்பது அதில் வரும். செதுக்கப்பட்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்று சொல்லி விற்கிறவர் லெட்டர் வாங்கவில்லை என்றால், ஏன் வாங்கவில்லை என்று கேளுங்கள். விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

லெட்டருக்கும் எல்லைகள் உண்டு. 1864இல் கோல்ட் ஃபாக்டரி எரிந்தது, அதனால் கேப் காலத்துப் பதிவுகள் மிகக் குறைவு, நீங்கள் கேட்கும் எண்ணுக்கு ஒன்றும் இல்லாமலே போகலாம். இருக்கும் பதிவிலும் 'செதுக்கப்பட்டது' என்று இருக்குமே தவிர யார் செதுக்கினார் என்று பொதுவாக இருக்காது. நியூயார்க்கின் ஸ்கைலர், ஹார்ட்லி அண்ட் கிரஹாம் போன்ற கடைகள் வெறும் துப்பாக்கியை வாங்கித் தாங்களே செதுக்கக் கொடுத்தன. அப்படிப்பட்டவை ஃபாக்டரிப் பதிவில் சாதாரணத் துப்பாக்கியாகத்தான் வரும். லெட்டரில் இல்லை என்பதற்காக அது பொய் என்று ஆகாது, ஆனால் அப்போது சுமை முழுக்க உங்கள் கண்மேல் விழுகிறது.

எனவே மனதில் நான்கு அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவோடு கூடிய ஃபாக்டரிச் செதுக்கல், அதே காலத்துக் கடைச் செதுக்கல், சில பத்தாண்டுகள் கழித்துச் செய்தது, நம் காலத்தில் செய்தது. கடைசி அடுக்கும் கலையாகச் சிறப்பாக இருக்கலாம், அதைச் செய்தவர் பெயரோடு, அதற்குரிய விலையில் வாங்கினால். இரண்டாவதை முதலாவதாக விற்பதும், நான்காவதை இரண்டாவதாக விற்பதும்தான் இந்தச் சந்தையின் நோய்.

ஏல அட்டவணையில் 'ஏ கிளாஸ்', 'சி கிளாஸ்' என்று செதுக்கல் மூடியிருக்கும் பரப்பளவைச் சொல்வார்கள். இதில் ஒரு பொறி உண்டு. கோல்ட் கணக்கில் 'ஏ' என்றால் கால்வாசிப் பரப்பு, 'டி' என்றால் முழுப் பரப்பு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கணக்கில் அப்படியே தலைகீழ்: 'ஏ' தான் முழுப் பரப்பு, 'சி' மூன்றில் ஒரு பங்கு. இவை பின்னாளில் வந்த பெயர்கள், பழைய துப்பாக்கிக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

கதைக்குக் காசு கொடுக்கலாமா? கொடுக்கிறார்கள். கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டைச் சுட ஷெரீஃப் பேட் காரெட் பயன்படுத்திய கோல்ட் 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் ஒரு பூ, ஒரு இலை கிடையாது, சாதாரணத் துப்பாக்கி. ஆனால் அந்தக் கதைக்கு ஆவணச் சங்கிலி இருந்தது. 'எங்கள் கொள்ளுத்தாத்தா சொன்னார்' என்பது சங்கிலி இல்லை. நான் செதுக்கலுக்குக் காசு கொடுப்பேன், கதை இலவசமாக வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

தந்தப் பிடி

செதுக்கப்பட்ட ரிவால்வரில் பாதி அழகு பிடியில். அங்கேதான் சட்டச் சிக்கலும். அமெரிக்காவில் 2016 ஜூலையிலிருந்து ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரம் ஏறக்குறைய முழுத்தடை. 100 வருடத்துக்கு மேற்பட்டதற்கும், பெரிய பொருளில் சிறு பகுதியாக இருப்பதற்கும் விலக்குகள் உண்டு, ஆனால் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா தனியே இன்னும் கடுமை. பிரிட்டனில் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022இலிருந்து அமலில் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்பும் எண்ணம் இருந்தால் தந்தப் பிடி உள்ளதை வாங்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

தந்தமா என்று பார்க்க, பிடியின் அடிப்பக்கத்தை லூப்பில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக வலை போலக் கோடுகள் வெட்டிக்கொண்டால் யானைத் தந்தம். எலும்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் பொருளைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது, அதாவது பெரும்பாலும் செய்யாமல் இருப்பது

பாலிஷ் போடாதீர்கள். பித்தளை துடைக்கும் பேஸ்ட், இரும்பு நார், அமோனியா கலந்த கரைசல், எதுவும் வேண்டாம். செதுக்கலின் ஆழம் மில்லிமீட்டரில் சிறு பகுதிதான், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் போகும், திரும்பி வராது. வெட்டுக்குள் படிந்த கறுப்பு அழுக்கு இல்லை, அதுதான் கோட்டைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, உலோகத்தில் மட்டும் நுண்படிக மெழுகு மிக மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் துடையுங்கள். ரெனைசன்ஸ் வேக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவானது. எண்ணெயைவிட இது நல்லது, எண்ணெய் தூசியைப் பிடிக்கும், வழிந்து பிடிக்குள் இறங்கித் தந்தத்தை மஞ்சளாக்கும். செந்துரு உயிரோடு பரவிக்கொண்டிருந்தால் பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் போங்கள்.

காட்சிக்கு வைப்பது

பலரும் பணத்தை எல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டுப் பெட்டியை மரக்கடையில் செய்துகொள்கிறார்கள். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும், மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். கம்பளித் துணியிலும் ரப்பரிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். பதனிட்ட தோல் உறைக்குள் நிரந்தரமாக வைத்தால் இரும்பு துருவேறும், பித்தளை பச்சையாகும். உறை அழகாக இருந்தால் பக்கத்தில் தனியாக வையுங்கள். புதிதாகச் செய்யும் பெட்டிக்குப் பூச்சுப்போட்ட உலோகமும் கண்ணாடியும் அக்ரிலிக்கும், அடியில் வெள்ளை பாலித்தீன் ஃபோமும், மேலே துவைத்த பருத்தித் துணியும் போதும்.

அசல் பழைய பெட்டியோடு கிடைத்தால்? அதற்குள்ளேயே வருடக்கணக்கில் பூட்டி வைக்காமல், பெட்டியைத் திறந்து காலியாகவோ அட்டை நிழலுருவோடோ காட்டி, துப்பாக்கியை அதன் முன்னால் தாங்கியில் வைப்பது என் விருப்பம். அதற்கு முன் அந்தப் பெட்டி அசல்தானா என்று இருட்டில் புற ஊதா விளக்கடித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய துணிகளிலும் நூலிலும் பளிச்சென்ற நீல வெள்ளை ஒளிரும். 1855ஆம் வருடத்து வெல்வெட்டின் தையல் அப்படி ஒளிரக் கூடாது. வெல்வெட்டில் அழுத்தப் பள்ளம் துப்பாக்கியின் வடிவத்தோடு பொருந்துகிறதா என்பதும் முக்கியம்.

தாங்கி இரண்டு இடத்தில் தாங்க வேண்டும், பேரலுக்கு அடியில் ஒன்று, பிடிக்கு முன் விசைக்காப்புக்கு அடியில் ஒன்று. விசைக்காப்பு வழியே ஆணியில் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், எடை முழுவதும் மெல்லிய செதுக்கல் விளிம்பில் உட்காரும். கம்பித் தாங்கியானால் அக்ரிலிக் பூச்சு அல்லது பாலித்தீன் குழாய் போடுங்கள், ரப்பர் குழாய் வேண்டாம். செதுக்கல் நன்றாக உள்ள பக்கம் எது என்று பார்த்து அதை முன்னால் காட்டி, மறுபக்கத்துக்குப் பின்னால் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் பார்க்கிறவர் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க மாட்டார்.

வெளிச்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நேர் மேலிருந்து பளீரென்று அடித்தால் நிக்கல் முழுக்க வெள்ளையாகி, வெட்டு ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து, தாழ்ந்த கோணத்தில், பரவலான வெதுவெதுப்பான எல்இடி ஒன்று வையுங்கள். சுருளின் ஒரு ஓரம் ஒளியும் மறு ஓரம் நிழலுமாக எழும். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் பளபளப்பு அடங்கும். படம் எடுக்கவும் இதே அமைப்பு போதும். விளக்கு பெட்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வைத்தால் சூடு ஏறி இறங்கும்போது ஈரப்பதமும் ஆடும். தந்தத்துக்கும் துணிக்கும் வெயில் ஆகாது, ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

ஈரப்பதத்தில் ஒரு இழுபறி இருக்கிறது. இரும்புக்கு எவ்வளவு உலர்வோ அவ்வளவு நல்லது, தந்தத்துக்கு உலர்ந்தால் வெடிப்பு. 45இலிருந்து 50 சதவீதத்தில் நிலையாக வைத்தால் இரண்டும் சமாளிக்கும், ஏறி இறங்காமல் இருப்பது எண்ணைவிட முக்கியம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும், மறைவான தட்டில் சிலிகா ஜெல்லும் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் உலர்த்தி மறுபடி வைக்கலாம்.

பூட்டு இல்லாத காட்சிப் பெட்டி வேண்டவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கண்டிப்பு. அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவோ மருந்தோ அதே அறையில் இருக்கக் கூடாது. விசைக்குப் போடும் பூட்டு சிலவற்றில் செதுக்கலைக் கீறும், ஆகவே பெட்டியின் கண்ணாடியும் பூட்டும் உறுதியாக இருக்கட்டும்.

விவரச் சீட்டில் சுருக்கமாக எழுதுங்கள்: மாடல், தயாரான வருடம், செதுக்கலின் பாணி, யார் வேலை என்பது உறுதியா கணிப்பா. 'நிம்ஷ்கி' என்று எழுதுவதற்கும் 'நிம்ஷ்கி பாணி' என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தைச் சீட்டிலேயே மதித்தால் தெரிந்தவர்கள் உங்கள் சேகரிப்பை நம்பிப் பார்ப்பார்கள்.

பதிவேடு

ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு: இரு பக்கப் படம், மேல் கீழ்ப் படம், எல்லா எண்களின் நெருக்கப் படம், வாங்கிய ரசீது, ஃபாக்டரி லெட்டர், தந்தப் பிடிக்கான வயதுச் சான்று, முந்தைய உரிமையாளர்கள் பற்றித் தெரிந்தது. இதன் ஒரு பிரதி துப்பாக்கி இருக்கும் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு இப்படிப்பட்டவற்றுக்குச் சிறு தொகைதான் தரும், சேகரிப்புப் பொருளுக்கென்று தனிப் பாலிசி எடுக்க வேண்டும், அதற்கும் இந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கு எழுதி வையுங்கள்: எதைத் தனியாக விற்கக் கூடாது, எந்தப் பெட்டி எந்தத் துப்பாக்கிக்குச் சேர்ந்தது, எதற்கு உரிமம் வேண்டும், எந்த வகை ஏல நிறுவனத்திடம் போக வேண்டும். பெட்டியை ஒருவரும் துப்பாக்கியை இன்னொருவரும் எடுத்துக்கொண்டு பிரிந்துபோன ஜோடிகள் ஏலங்களில் தனித்தனியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.